அடித்துச் சொன்ன படிப்பு

மணமேல்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வைத்து அப்பா என்னை அறைந்தார். என்னோடு பிளஸ் டூ படித்த பெண்கள் சிலர் பின்னால் பெஞ்சில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் நாட்கள் அவை. அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., டேட்டா சயின்ஸ் என்று சொல்லச் சொல்ல, அந்தக் கடை அக்கா பதிந்துகொண்டே வந்தார். பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். படிக்கப் போவது நான்தானே, எனக்கு இது சம்மதமா என்று கேட்டார்.

"முதல்ல மெக்கானிக்கல் போடுங்கக்கா. அதுக்குக் கீழ மத்ததப் போட்டுக்கலாம்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் காதோடு சேர்த்து அறை விழுந்தது. நாற்காலி சாய்ந்து பிரிண்டரின் மேல் போய் மோதினேன். பேப்பர் ட்ரேயின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதால் யார் யார் எழுந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கடை அக்காவிடம், கொஞ்சமும் குரல் மாறாமல், அடுத்த கல்லூரியைச் சொன்னார். அவரும் பதிந்தார். 

அப்பா கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஆபரேட்டர். மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் பார் போகும். அவர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போட மாட்டார். அதனால் எங்கள் வீட்டில் நடப்பதை ஊரில் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கிறார் என்றார்கள். கண்டிப்பது என்றால் என்ன என்று என் அண்ணனுக்கும் எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

அண்ணன் என்னைவிட மூத்தவன். அவனுக்குப் படகு இன்ஜின் என்றால் உயிர். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டான். அப்பா அவனைக் கொல்லைப்புறத்துத் தென்னையில் கட்டிவைத்து அடித்து, திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சேர்த்தார். இரண்டாம் வருடத்தோடு அவன் அரியர்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். வந்த அன்று அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலிலேயே விழுந்த அடியில் அவனுடைய இடது காது போனது. இன்றும் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். அன்றைக்கே மீமிசலுக்குப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துகொண்டான். அப்பா இருக்கும்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் ஏன் மெக்கானிக்கல் கேட்டேன் என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு மதியம்.

அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறை. அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். கம்ப்ரஸர் அறையில் அப்பாவோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா வாயு இருக்கும் பாத்திரத்தில் தேங்கிய எண்ணெயை வடிக்க அடிப்பக்கத்து வால்வைத் திறந்துகொண்டிருந்தார். எண்ணெய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார். உள்ளே அடைத்திருந்தது சட்டென்று விலகி, எண்ணெயும் அம்மோனியாவும் சேர்ந்து பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. அப்படியொரு அலறலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அறை முழுக்க வெள்ளைப் புகை. மூக்குக்குள் கத்தியைச் சொருகியதுபோல இருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு எரிந்தது.

அப்பா என் சடையைப் பிடித்து, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து காற்று வரும் பக்கமாக வெளியே எறிந்தார். முழங்கால் இரண்டும் தோலுரிந்தன. பிறகு ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். பெரியவரைக் காலைப் பிடித்து இழுத்து வந்து தண்ணீர்த் தொட்டியில் தலையோடு அமுக்கினார். அவர் திமிறத் திமிற அமுக்கினார். கண்ணைத் திறடா, திறடா என்று கத்திக்கொண்டே தண்ணீரை வாரி வாரி அடித்தார். பெரியவருக்கு ஒரு கண் மிஞ்சியது. முகத்தின் ஒரு பக்கம் மெழுகு உருகி உறைந்ததுபோல ஆகிவிட்டது. அப்பாவுக்கு அன்றிலிருந்து இருமல்.

பல நாட்கள் எனக்கு அந்த வால்வு மட்டுமே கண்ணுக்குள் இருந்தது. வலி தாங்காமல் பெரியவர் கையை எடுத்துவிட்டார், ஆனால் வால்வு திறந்தபடியே கிடந்தது. கையை எடுத்ததும் அது ஏன் தானாக மூடவில்லை? ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். கேட்டதற்குப் பதில் தட்டு பறந்தது. அந்த அறையைப் பற்றி இனி இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது என்றார். எனக்கோ அதைத் தவிர வேறு எதைப் படிக்கவும் மனம் போகவில்லை.

பிரவுசிங் சென்டரில் அடி வாங்கிய மறுநாள், புருவத்தில் பிளாஸ்திரியோடு தோழி வீட்டுக்குப் போனேன். பதிவு முடியும் நேரம் வரை வரிசையை மாற்றலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் என் கணக்கைத் திறந்தோம். ஓ.டி.பி. அம்மாவின் போனுக்குத்தான் போகும். அம்மா அந்த நேரம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலையில் இருந்தாள். போன் செய்து, ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்லம்மா என்றேன்.

"எதுக்குத்தா?" என்றாள்.

மறைக்கவில்லை. அப்பா போட்டதை மாற்றப் போகிறேன், மெக்கானிக்கலை மேலே வைக்கப் போகிறேன் என்று சொன்னேன். போனில் அம்மா காக்கையை விரட்டுகிற சத்தம் கேட்டது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் அடி அவளுக்குத்தான் விழும்.

"எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஒதுக்கீடு வந்த அன்று, அந்தத் தாளை எடுத்துவர அப்பாவே மணமேல்குடி போனார். பகல் சாப்பாட்டு வேளையில் திரும்பினார். சைக்கிளை நிறுத்தினார், செருப்பைக் கழற்றினார், கை கால் கழுவினார். அம்மா அவர் முகத்தைப் பார்த்ததுமே என்னைப் பின்வாசல் வழியாக ஓடு என்று கண்ணைக் காட்டினாள். நான் ஓடவில்லை. ஓடினால் அவள் மாட்டிக்கொள்வாள்.

கம்ப்ரஸரில் தேய்ந்துபோன பழைய பெல்ட் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். விறகு கட்டுவதற்கு வைத்திருந்தோம். கெட்டியான ரப்பர். அதை எடுத்து மடித்துக்கொண்டு, கதவைத் தாழிட்டார். முதல் அடி முதுகில் விழுந்தபோது வலியைவிடச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அடுத்தடுத்த அடிகளில் சத்தம் போய் வலி மட்டும் மிஞ்சியது. அம்மா என் மேல் விழுந்து படுத்தாள். அவளை முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் தள்ளினார். அவள் மண்டை மோதிய ஓசை கேட்டது. மறுபடி எழுந்து வந்து அவர் கையைக் கடித்தாள். அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவர் உதறினார், அவள் வாயில் ரத்தம்.

"கண்ணப் பொசுக்கிக்கவா போற? மூஞ்சி வெந்து போகவா போற? ஏசி ரூம்புல ஒக்காருன்னா கசக்குதா ஒனக்கு?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. நான் சுருண்டு கிடந்தேன். மாற்றிக்கொள்கிறேன் என்று சொல் என்றார். மாட்டேன் என்று சொல்லும் தைரியமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. ஆனால் மாற்றிக்கொள்கிறேன் என்றும் வாயிலிருந்து வரவில்லை. வராததற்கு இன்னும் அடித்தார்.

அண்ணன் அன்று எங்கள் ஊர்க் கரையிலேயே ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்து வீட்டம்மா ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். அவன் பின்கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் கிரீஸோடு ஒரு பெரிய ஸ்பேனர். அப்பா திரும்பினார். அண்ணன் அடித்தான். முதல் அடி தோளில். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த மட்டை ஒடிவதுபோல இருந்தது. இரண்டாவது தலையில். அப்பா கீழே விழுந்த பிறகும் அவன் ஓங்கினான். அம்மாதான் அவன் காலைக் கட்டிக்கொண்டு, வேண்டாம்பா, செத்துப் போயிருவாருப்பா என்று அழுதாள். அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, வலது காதைப் பொத்திக்கொண்டான்.

அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கு ஒரே ஆட்டோவில் போனோம். அடித்தவனும் அடிபட்டவர்களும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் தலையில் கட்டிய துண்டு நனைந்து, ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அண்ணனின் சட்டையில் சொட்டியது.

விசாரிக்க ஒரு பெண் ஏட்டு வந்தார். ஐஸ் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அப்பா சொன்னார். பிள்ளையைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரா, பிள்ளையிடம் அடி வாங்கியதைச் சொல்லக் கூசினாரா, எனக்குத் தெரியாது. அம்மாவும் ஆமாம் என்றாள். எங்கள் வீட்டில் இதுவரை நடந்த எல்லாமே இப்படித்தான் வழுக்கி விழுந்ததாக, மாடு முட்டியதாக, கதவு இடித்ததாகப் போயிருந்தது. ஏட்டு என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"ஆளுக்கொன்னு சொன்னா நான் எத எழுதுறது?" என்று அலுத்துக்கொண்டார்.

நான் திரும்பி நின்று, சுடிதாரின் முதுகுப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன். ஏட்டு நர்ஸைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையை முதலில் பாருங்கள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அரிமளத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறாயா, அண்ணன் ஜெயிலுக்குப் போனால் உனக்குச் சந்தோஷமா என்று கேட்டார். என்னைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, கேஸைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். கடைசியில் ஸ்டேஷனில் வைத்து எழுதி வாங்கினார்கள். அப்பா இனி என் மேல் கை வைக்கக் கூடாது, என் படிப்பைத் தடுக்கக் கூடாது. அண்ணன் இனி அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. என்னைக் காப்பாற்றியவனுக்கும் என்னை அடித்தவருக்கும் ஒரே தாளில் தண்டனை. அண்ணன் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து, "நீ போய்ப் படி. இங்கிட்டு எதையும் நெனைக்காத" என்றான்.

மேற்கே ஓர் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலே சேர்ந்தேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் கட்டணம் பிரச்சினையாகவில்லை. வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தோம். முதல் வருடம் கொல்லுப் பட்டறைப் பயிற்சி உண்டு. உலையில் காய்ந்து சிவந்த கம்பியைக் குறட்டில் பிடித்து, சுத்தியலால் அடித்து வளைக்க வேண்டும். மற்றவர்கள் பொறி பறப்பதற்குப் பயந்து தள்ளி நின்று அடித்தார்கள். நான் அடிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. கம்பி கறுத்து, ஆறி, சுத்தியல் எகிறும்வரை அடிப்பேன். பட்டறை ஆசிரியர் ஒரு நாள் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு, அது எப்பவோ வளைஞ்சிருச்சும்மா, போதும் என்றார். அன்று விடுதிக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் வருடத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பற்றி ஒரு பாடம். அதற்காக நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நான் மனதில் தேடிக்கொண்டிருந்த வால்வைக் கண்டேன். ஸ்பிரிங் வைத்தது. கையால் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் திறந்திருக்கும், கையை விட்டால் தானே மூடிக்கொள்ளும். எண்ணெய் வடிக்கிற இடத்தில் இதைத்தான் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு சாமான். பெரியவரின் கண் ஞாபகம் வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

கடைசி வருடம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர்களில் ஒரு மென்பொருள் நிறுவனமும் இருந்தது. எந்தப் பிரிவு என்று பார்க்காமல் மொத்தமாக எடுத்தார்கள், நானும் தேர்வானேன். கூடவே, தூத்துக்குடியில் இறால் பதப்படுத்தும் ஓர் ஆலைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன், அங்கே அம்மோனியா பிளான்ட் பராமரிப்புக்கு வேலை கிடைத்தது. இரண்டில் எதற்குப் போவது என்று என் ஆசிரியர்களே மென்பொருள் பக்கம்தான் கையைக் காட்டினார்கள். நான் தூத்துக்குடிக்குப் போவதாக முடிவு செய்துவிட்டு, அம்மாவிடம் நேரில் சொல்ல ஊருக்கு வந்தேன்.

அப்பா அந்த வருடங்களில் என்னிடம் நேராகப் பேசியதில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்பார். முறிந்த தோள் சரியாகக் கூடாமல் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. இருமல் முற்றியிருந்தது. அம்மாவிடம் நான் அம்மோனியா என்ற சொல்லைச் சொன்னதும், முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். பழைய வேகம். கை ஓங்கியது. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் காற்றில் போனது.

நான் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தேன். அவர் இழுத்தார், விடவில்லை. பட்டறையில் பழகிய பிடி. என் நகம் அவர் தோலில் இறங்கியது. இன்னொரு கையால் என் கழுத்தைப் பிடித்தார். இருவரும் சுவரில் போய் மோதினோம். அலமாரியிலிருந்து டம்ளர்கள் உருண்டன.

"அடிச்சா நானும் அடிப்பேம்ப்பா" என்றேன்.

அதைக் கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அடித்திருப்பேன். அவருக்கும் அது புரிந்துவிட்டது. கழுத்திலிருந்த கை தளர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்த அம்மோனியா கேசு ஒன் மூஞ்சில அடிச்சா என்ன பண்ணுவ?" என்றார்.

அவர் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நான் அந்த வால்வைப் பற்றிச் சொன்னேன். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும் என்றேன். தூத்துக்குடி ஆலையில் அது இருக்கிறது, நேர்காணலுக்குப் போன அன்றே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"முன்னாலயே இருந்திருக்குப்பா. ஒங்க கம்பெனிலதான் போடல."

அப்பா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். எதிரே எதையோ வெறித்தார். பிறகு தன் உள்ளங்கையால் தன் நெற்றியிலேயே ஓங்கி ஓங்கி அறைந்துகொள்ளத் தொடங்கினார். அம்மா தடுக்கப் போகவில்லை. நானும் போகவில்லை. அவராக ஓயும்வரை இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

தூத்துக்குடியில் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. வேலை பிடித்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஃபிட்டர் மேல்தட்டிலிருந்து ஏதாவது எடுக்கக் கையைத் தூக்கினால் என் தோள் தானாகக் குறுகிக்கொள்ளும். கூட வேலை பார்ப்பவர்கள் கவனித்திருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. அண்ணன் மீமிசலில் சொந்தமாக இன்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்துவிட்டான். அப்பாவும் அவனும் இன்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று மாமா கேட்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அப்பா தட்டைத் தள்ளினார். குரல் ஏறத் தொடங்கியது. அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே, "மெதுவாச் சொல்லுங்க. எனக்கு நல்லாத்தான் காது கேக்குது" என்றாள்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மோரை ஊற்றிச் சாப்பிட்டார். நான் மத்தியானம் மீமிசலுக்குப் பஸ் ஏறினேன். அண்ணனுக்கு அம்மா தூக்குவாளியில் பொங்கல் கொடுத்து விட்டிருந்தாள்.